ஒரு பெர்த், ஒரு பெயர்

முசிறிக்கு ரயில் நிலையம் கிடையாது. காவிரியின் வடகரையில் முசிறி, தென்கரையில் குளித்தலை. திருச்சியிலிருந்து கரூர் வழியாக ஈரோட்டுக்குப் போகும் இருப்புப்பாதை தென்கரையோடு ஓடுகிறது. அகண்ட காவிரியின் மீது நீண்டு கிடக்கும் பாலத்தைக் கடந்தால்தான் முசிறிக்காரருக்கு ரயில். இல்லையென்றால் 40 கிலோமீட்டர் பஸ்ஸில் போய்த் திருச்சியிலோ ஸ்ரீரங்கத்திலோ ஏற வேண்டும்.

ரயில் இல்லாத அந்த ஊரில் இன்று காலை ஒருவர் கைப்பேசியில் தட்கல் டிக்கெட் போடுகிறார். அதே நொடியில் திருச்சி ஜங்ஷன் கவுண்டரில் ஒரு பெண் படிவத்தை உள்ளே நீட்டுகிறார். சென்னையில் ஒரு மாணவர், துபாயில் ஒரு கட்டடத் தொழிலாளி என எல்லோரும் ஒரே ரயிலில், ஒரே நாளுக்கு இடம் கேட்கிறார்கள். அந்த ரயிலில் மிச்சமிருப்பது ஒரே ஒரு பெர்த். அது இருவருக்கு விற்கப்பட்டுவிடாமல் இருக்க வேண்டும். யாருக்கும் விற்கப்படாமல் காலியாகவும் ஓடிவிடக் கூடாது. ஒரு பெர்த்துக்கு ஒரு பெயர் என்ற இந்த வாக்குறுதியைக் காப்பாற்றுவதுதான் ரயில்வே டிக்கெட் மென்பொருளின் முழு வேலையும். கேட்பவர் ஒருவர் என்றால் ஒரு நோட்டுப் புத்தகமே போதும். ஒரே நிமிடத்தில் லட்சம் பேர் கேட்டால் அது கணினி அறிவியலின் கடினமான கேள்விகளில் ஒன்றாகிவிடுகிறது.

பேரேட்டிலிருந்து கணினிக்கு

நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பிய இருப்புப்பாதை 1862இல் திருச்சியை எட்டியது. தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகமும் பின்னாளில் இதே ஊரில் இருந்தது. டிபிஜே என்று டிக்கெட்டில் அச்சாகும் நிலையக் குறியீடு, டிரிச்சினாப்பள்ளி ஜங்ஷன் என்ற அந்தக் காலப் பெயரின் எச்சம். அன்று டிக்கெட் என்றால் கட்டைவிரல் அளவுள்ள தடித்த அட்டை. 1830களின் இறுதியில் இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் என்ற நிலைய அலுவலர் உருவாக்கிய முறை அது. ஒவ்வொரு அட்டைக்கும் வரிசை எண் இருக்கும். மாலையில் கடைசி எண்ணைப் பார்த்தாலே எத்தனை டிக்கெட் விற்றது, கல்லாவில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். கணக்குக்கு அது அருமையான வழி. ஆனால் அந்த அட்டை பயணத்துக்கு மட்டுமே உரிமை தந்தது. இன்ன இருக்கை உங்களுடையது என்று அது சொல்லவில்லை.

இருக்கையை உறுதிசெய்ய வேறொரு ஏற்பாடு தேவைப்பட்டது. ரயிலுக்கு ஒன்று, நாளுக்கு ஒரு பக்கம் என்று பெரிய பேரேடுகள் இருந்தன. குமாஸ்தா பக்கத்தைப் புரட்டி, காலிக் கட்டத்தில் பெயரை எழுதுவார். பேரேடு ஒரு சமயத்தில் ஒரு மேசையில்தான் இருக்க முடியும். சென்னையில் புறப்படும் ரயிலின் பேரேடு சென்னையில் இருந்தால், நடுவழியில் இருக்கும் ஊர்க்காரர் என்ன செய்வார்? அவருடைய நிலையத்துக்கென்று சில இடங்களை முன்கூட்டியே ஒதுக்கிவிட வேண்டும். ‘கோட்டா’ இப்படிப் பிறந்தது. செய்தி வேகமாகப் பயணிக்க முடியாத காலத்தில், ஒவ்வொரு ஊரும் மற்ற ஊரைக் கேட்காமலே விற்பதற்குக் கண்டுபிடித்த வழி அது. அதற்கு விலையும் உண்டு. ஓர் ஊரின் ஒதுக்கீடு விற்காமல் கிடக்கும்போதே அடுத்த ஊரில் இடமில்லை என்று ஆளைத் திருப்பி அனுப்புவார்கள்.

இந்தச் சிக்கலை உலகில் முதலில் கணினியிடம் கொடுத்த ரயில்வே ஜப்பானுடையது. அதன் ‘மார்ஸ்-1’ 1960இல் இயங்கத் தொடங்கியது. அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனம் அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்காக ‘சேபர்’ அமைப்பைக் கட்டியதும் அதே காலகட்டத்தில்தான். இந்தியாவில் 1985இல் டெல்லியில் ‘இம்ப்ரெஸ்’ என்ற முன்பதிவு அமைப்பு தொடங்கியது. சிஎம்சி என்ற அரசு நிறுவனம் அதை எழுதித் தந்தது. அடுத்த ஆண்டு ரயில்வேக்கென்றே ‘கிரிஸ்’ என்ற தகவல் அமைப்பு மையம் உருவானது. 1987இல் சென்னைக்கும் கணினி முன்பதிவு வந்தது. ஆனால் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஐந்து தீவுகளாக இருந்தன. ‘கான்சர்ட்’ என்ற புதிய மென்பொருளைக் கிரிஸ் 1994இல் செகந்திராபாத்தில் முதலில் நிறுவியது. 1999 ஏப்ரலுக்குள் ஐந்து மையங்களும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. எந்த ஊர் கவுண்டரிலும் எந்த ஊர் ரயிலுக்கும் டிக்கெட் எடுக்கலாம் என்ற வசதி அன்றுதான் முழுமையாக நிறைவேறியது.

அந்த ஐந்து மையங்களின் தடம் இன்றும் உங்கள் டிக்கெட்டில் இருக்கிறது. பத்து இலக்க பிஎன்ஆர் எண்ணின் முதல் இலக்கத்தைப் பாருங்கள். நம் பக்கத்து ரயில் என்றால் பெரும்பாலும் 4 என்று தொடங்கும். சென்னை மையத்தின் அடையாளம் அது. 8 என்றால் மும்பை, 2 என்றால் டெல்லி. அந்த ரயிலின் இடங்கள் எந்த மையத்தின் கணக்கில் இருக்கின்றன என்பதை அந்த ஒற்றை இலக்கம் சொல்லிவிடுகிறது. குளித்தலையில் நின்றுகொண்டு மும்பையில் புறப்படும் ரயிலுக்கு டிக்கெட் கேட்டால், கேள்வி மும்பைக் கணக்குவரை போய்ப் பதிலோடு திரும்புகிறது.

பூட்டும் சாவியும்

ஒரே பெர்த்தை இருவர் ஒரே கணத்தில் கேட்டால் என்ன ஆகும்? கணினிக்கு இதில் இரண்டு வேலைகள். முதலில் இடம் காலியா என்று பார்க்க வேண்டும். பிறகு பெயரை எழுத வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி இடைவெளி இருந்தாலும் ஆபத்துதான். முசிறிக்காரருக்காகப் பார்த்தபோது காலி. எழுதுவதற்குள் சென்னைக்காரருக்காகவும் பார்க்கிறது, அப்போதும் காலி. இரண்டு பெயர்களும் எழுதப்பட்டுவிடும். கல்யாணப் பந்தியில் கடைசி இலையை எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து இருவர் ஒரே சமயத்தில் கண்டு ஓடி வருவது போலத்தான்.

இதற்கான தீர்வை நெதர்லாந்தின் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1965இல் ஒரு சிறு கட்டுரையில் வகுத்துக் காட்டினார். ஒரு பொருளை ஒருவர் கையாளும்போது மற்றவர் தொட முடியாதபடி பூட்ட வேண்டும். வேலை முடிந்ததும் பூட்டைத் திறக்க வேண்டும். பார்ப்பதையும் எழுதுவதையும் ஒரே பூட்டுக்குள் வைத்துவிட்டால் இரட்டை விற்பனை நடக்காது. ஆனால் பூட்டு என்றால் காத்திருப்பு. ரயில் முழுவதையும் பூட்டினால் ஆயிரம் பேர் வெளியே நிற்பார்கள். ஒவ்வொரு பெர்த்தையும் தனித்தனியே பூட்டினால், நால்வருக்குச் சேர்த்து இடம் தேடும் ஒருவர் இரண்டைப் பூட்டிக்கொண்டு மூன்றாவதற்குக் காத்திருப்பார். அந்த மூன்றாவதைப் பூட்டியிருப்பவர் முதலாவதற்குக் காத்திருப்பார். இருவரும் நகர முடியாது. எந்த அளவில் பூட்டுவது, எந்த வரிசையில் பூட்டுவது என்பதில்தான் நல்ல மென்பொருளின் திறமை இருக்கிறது.

இன்னொரு சிக்கல் பணம். இருக்கை ரயில்வேயின் கணினியில் இருக்கிறது, பணம் வங்கியின் கணினியில். இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டுமே நடக்கக் கூடாது. இதை முறைப்படுத்தியவர்களில் முதன்மையானவர் ஜிம் கிரே. அதற்காகவே 1998இல் டியூரிங் விருது பெற்றார். ஆனால் இரண்டு கணினிகளுக்கு நடுவே தொடர்பு பாதியில் அறுந்தால், எதிர்ப்பக்கம் வேலை முடிந்ததா இல்லையா என்று இந்தப் பக்கத்துக்குத் தெரியாது. ‘பணம் போயிடுச்சு, டிக்கெட் வரலை’ என்று நாம் புலம்பும் அந்தக் கணம் இதுதான். பணம் பின்னால் திரும்பி வந்துவிடும். அதற்குள் பெர்த் வேறொருவர் பெயரில் போயிருக்கும்.

துண்டு துண்டான படுக்கை

விமான இருக்கையை விற்பதைவிட ரயில் படுக்கையை விற்பது கடினம். விமானம் பெரும்பாலும் ஓர் ஊரில் ஏறி இன்னோர் ஊரில் இறங்கும். ரயில் வழியெல்லாம் நிற்கும். கோயம்புத்தூரிலிருந்து ஈரோடு, கரூர், குளித்தலை, திருச்சி, தஞ்சாவூர் வழியாக மயிலாடுதுறை போகும் ஒரு ரயிலை எடுத்துக்கொள்வோம். 23ஆம் எண் பெர்த் கோவையிலிருந்து கரூர் வரை ஒருவருடையது. திருச்சியிலிருந்து மயிலாடுதுறை வரை இன்னொருவருடையது. நடுவில் கரூர்–திருச்சி காலி. ஆக ஒரு பெர்த் என்பது உண்மையில் பல துண்டுகளின் வரிசை. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு 0 அல்லது 1.

பழைய ஐசிஎஃப் ஸ்லீப்பர் பெட்டியில் 72 பெர்த்துகள். புதிய எல்ஹெச்பி பெட்டியில் 80. எந்தக் கட்டத்திலும் ஒரே சமயத்தில் 80 பேருக்கு மேல் பயணம் செய்யப் போவதில்லை, எல்லோருடைய விண்ணப்பமும் முன்கூட்டியே கையில் இருக்கிறது என்றால், 80 பெர்த்துகளில் அத்தனை பேரையும் அடக்கிவிடலாம். கணிதம் இதை உறுதியாக நிரூபிக்கிறது. ஆனால் நிஜத்தில் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். வந்தவுடன் ஒரு குறிப்பிட்ட பெர்த்தை எழுதிக் கொடுத்துவிட்டால், பின்னால் வருபவர்கள் யாரென்று தெரியாமலே முடிவெடுக்கிறோம். கியர்ஸ்டெட், ட்ராட்டர் என்ற இரு கணிதவியலாளர்கள் 1981இல் ஒரு வியப்பான முடிவைக் கண்டார்கள். இப்படி வந்தவுடன் ஒதுக்கினால், மிக மோசமான வரிசையில் ஆட்கள் வரும்போது, தேவையானதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு பெர்த்துகள் செலவாகலாம். எவ்வளவு சாமர்த்தியமான விதியை வைத்தாலும் அந்த மோசமான நிலையை இதற்குக் கீழே கொண்டுவர முடியாது.

தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. முடிவைத் தள்ளிப்போட வேண்டும். ஆர்ஏசி, வெயிட்டிங் லிஸ்ட், சார்ட் ஆகிய மூன்றும் சேர்ந்து செய்வது இதைத்தான். வெயிட்டிங் லிஸ்டில் இருப்பவருக்கு பெர்த் எண் தரப்படுவதில்லை. ரத்துகள் எல்லாம் வந்து சேர்ந்தபின், சார்ட் தயாராகும்போது, கையிலிருக்கும் துண்டுகளையெல்லாம் ஒட்டுமொத்தமாகப் பார்த்துப் பொருத்துகிறார்கள். அதற்கு நடுவில் நிற்பவர் ஆர்ஏசி பயணி. ஏறிவிடலாம், உட்காரலாம், சைடு லோயரை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டபடி படுக்கைக்குக் காத்திருக்கலாம்.

சார்ட் எப்போது தயாராகிறது என்பது பயணிக்குப் பெரிய விஷயம். நெடுங்காலம் ரயில் புறப்படுவதற்கு 4 மணி நேரம் முன்புதான் தெரிந்தது. முசிறிக்காரர் பஸ் பிடித்துத் திருச்சிக்கே வந்தபின், டிக்கெட் உறுதியாகவில்லை என்ற செய்தி வரும். 2025 ஜூலையிலிருந்து 8 மணி நேரம் முன்பே சார்ட் தயாரிப்பது என்று ரயில்வே முடிவெடுத்தது. மதியம் 2 மணிக்கு முன் கிளம்பும் ரயில்களுக்கு முந்தைய நாள் இரவு 9 மணிக்குள் என்று அப்போது விதித்தார்கள். கணக்கீட்டில் சிறிய மாற்றம்தான். ரயில் நிலையத்துக்கு வெகுதூரத்தில் இருப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

வெயிட்டிங் லிஸ்டிலும் ஜாதகம் பார்க்க வேண்டும். ஜிஎன்டபிள்யூஎல் என்றால் பொதுப் பட்டியல். பெரும்பாலும் ரயில் புறப்படும் ஊரிலிருந்து வருபவர்களுக்கு. ஆர்எல்டபிள்யூஎல் என்றால் வழியில் உள்ள முக்கிய ஊருக்கான பட்டியல். பிக்யூடபிள்யூஎல் என்றால் நடுவில் இருக்கும் சிறிய நிலையங்கள் பலவற்றுக்கும் சேர்த்து வைத்த ஒரு சின்னப் பங்கு. குளித்தலை போன்ற நிலையத்தில் ஏறுபவர் கையில் அடிக்கடி கிடைப்பது கடைசி இரண்டில் ஒன்று. பொதுப் பட்டியலில் 10 என்பது நம்பிக்கையான எண். சிறிய பங்கில் 10 என்பது அப்படியல்ல, ரத்தாகி வரவேண்டிய இடங்களே அங்கு குறைவு. பேரேட்டுக் காலத்துக் கோட்டா, காரணம் மறைந்த பின்னும், மென்பொருளுக்குள் உயிரோடு இருக்கிறது. கணினி வந்ததாலேயே பழைய விதிகள் மாறிவிடுவதில்லை. யாராவது உட்கார்ந்து மாற்ற வேண்டும்.

காலை பத்து மணி

ஐஆர்சிடிசி இணையதளம் 2002 ஆகஸ்ட் 3 அன்று டிக்கெட் விற்கத் தொடங்கியது. முதலில் டிக்கெட் கூரியரில் வீட்டுக்கு வந்தது. 2005இல் நாமே அச்செடுத்துக்கொள்ளும் இ-டிக்கெட் வந்தது. இன்று முன்பதிவு டிக்கெட்டுகளில் பத்தில் எட்டுக்கு மேல் இணையம் வழியாகத்தான் விற்கின்றன. கூட்டம் கவுண்டரிலிருந்து கைப்பேசிக்கு இடம் மாறியது. ஏசி தட்கலுக்குக் காலை 10 மணி, ஏசி அல்லாத தட்கலுக்கு 11 மணி, சாதாரண முன்பதிவுக்கு 8 மணி என்று நாட்டின் கூட்டமெல்லாம் மூன்று கணங்களில் குவிகிறது. 60 நாள் முன்பதிவு விதிப்படி, பொங்கலை ஒட்டிய ஜனவரி 13 பயணத்துக்கு நவம்பர் 14 காலை 8 மணிக்குக் கதவு திறக்கும். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் போன்ற ரயில்களில் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

அந்த நேரத்தில் திரை ஏன் உறைந்து போகிறது? 1909இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ. கே. எர்லாங் இதற்கான கணிதத்தைத் தொடங்கி வைத்தார். எளிய வடிவில் அவருடைய வழிவந்த கோட்பாடு சொல்வது இது: ஒரு கவுண்டர் தன் திறனில் பாதி அளவுக்கு வேலை பார்க்கும்போது சராசரியாக அங்கே ஒருவர்தான் இருப்பார். 90 சதவீதம் என்றால் 9 பேர். 99 சதவீதம் என்றால் 99 பேர். வேலை பத்து சதவீதம் கூடியதற்குக் காத்திருப்பு பத்து மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. வருகை திறனைத் தாண்டிவிட்டாலோ வரிசை வளர்ந்துகொண்டே போகும். பதில் வராத பயணி மறுபடி மறுபடி பொத்தானை அழுத்துகிறார். ஒவ்வோர் அழுத்தமும் வரிசையில் ஒரு புதிய ஆள்.

இதற்குச் சில தீர்வுகள் உண்டு. டிக்கெட் எடுப்பவர்களைவிட ‘இடம் இருக்கா’ என்று பார்ப்பவர்கள் பல மடங்கு அதிகம். அவர்களுக்கான பதிலை மூலக் கணக்கைத் தொடாமல், அதன் நகலிலிருந்து சொல்லிவிடலாம். அதனால்தான் திரையில் 4 இடம் என்று காட்டிவிட்டு, பணம் கட்டப் போகும்போது வெயிட்டிங் லிஸ்ட் என்கிறது. நகல் சில நொடிகள் பழையது. பக்கத்தின் படங்களையும் நிலையான பகுதிகளையும் பயணிக்கு அருகில் இருக்கும் சர்வர்களிலிருந்து தரலாம். மூலக் கணக்குவரை போவது உண்மையில் வாங்கப் போகிறவரின் கேள்வி மட்டும் என்று வைத்துக்கொண்டால் பாரம் குறையும்.

2014இல் இணையதளத்தின் முகப்பு இப்படிப் புதுப்பிக்கப்பட்டபோது, நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்ற திறன் 7,200 ஆனது. 2025 மே 22 அன்று ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவானதாக ரயில்வே அறிவித்தது. ஆனால் பின்னணியில் இருக்கும் மூலக் கணக்கு 2010இல் நிறுவப்பட்ட அமைப்பில், இட்டானியம் சர்வர்களில் ஓடிக்கொண்டிருந்தது. இன்டெல் நிறுவனம் 2021 ஜூலையோடு இட்டானியம் விற்பனையையே நிறுத்திவிட்டது. உதிரி கிடைக்காத இயந்திரத்தின் மேல் நாட்டின் பயணக் கணக்கை எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? அதனால்தான் 2025 ஜூனில், நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் டிக்கெட்டும் 40 லட்சம் விசாரிப்பும் தாங்கும் புதிய அமைப்பை அந்த ஆண்டு இறுதிக்குள் கிரிஸ் கொண்டுவரும் என்று அறிவித்தார்கள். எந்த பெர்த் வேண்டும் என்று பயணியே தேர்வு செய்வது, எந்த நாளில் என்ன கட்டணம் என்று காட்டும் நாட்காட்டி, மாற்றுத்திறனாளிகள், நோயாளிகள், மாணவர்களுக்கான வசதிகள், பல மொழிகளில் சேவை ஆகியவை அந்தத் திட்டத்தில் அடக்கம்.

பழையதை நிறுத்திவிட்டுப் புதியதைப் பொருத்த முடியாது என்பதுதான் இதில் மிகக் கடினமான பகுதி. ரயில்கள் ஓடிக்கொண்டே இருக்கும். பழைய அமைப்பில் எடுத்த டிக்கெட்டோடு புதிய அமைப்பின் காலத்தில் பயணம் செய்யும் பலர் இருப்பார்கள். அவர்களுடைய பிஎன்ஆர், ரத்து, பணம் திரும்பப் பெறுதல் எல்லாம் ஓர் எழுத்தும் பிசகாமல் மாற வேண்டும். பல ஆண்டுகளில் சேர்ந்த நூற்றுக்கணக்கான விதிகளையும் விலக்குகளையும் பழைய நிரலிலிருந்து தோண்டியெடுத்துப் புதியதில் எழுத வேண்டும். வெளியே யார் கண்ணுக்கும் படாத இந்த உழைப்புக்குப் பெரிய மரியாதை தர வேண்டும்.

வேகம் போதுமா?

ஓர் உண்மையை மறக்கக் கூடாது. எந்த மென்பொருளும் ஒரு பெர்த்தைக்கூடப் புதிதாக உண்டாக்குவதில்லை. இருக்கும் பெர்த் யாருக்குப் போக வேண்டும் என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது. வேகத்தைக் கூட்டினால் பத்து நிமிடத்தில் தீர்வது இரண்டு நிமிடத்தில் தீரும். அந்த இரண்டு நிமிடத்தில் ஜெயிப்பவர் யார் என்பதுதான் நம் கேள்வியாக இருக்க வேண்டும்.

தட்கல் திறக்கும் முதல் ஐந்து நிமிடங்களில் உள்நுழைய முயல்வதில் பாதிவரை மனிதர்கள் அல்ல, தானியங்கி நிரல்கள் என்று ரயில்வேயே 2025இல் சொன்னது. சந்தேகத்துக்குரிய இரண்டரைக் கோடிப் பயனர் கணக்குகள் முடக்கப்பட்டன. ஜூலை 1 முதல் இணையத் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயமானது. முதல் அரை மணி நேரத்துக்கு முகவர்கள் விலக்கப்பட்டார்கள். அக்டோபர் 1 முதல் சாதாரண முன்பதிவின் முதல் 15 நிமிடங்களும் ஆதார் சரிபார்த்தவர்களுக்கே என்று ஆனது. இவை நல்ல தடைகள். ஆனால் ஒவ்வொரு தடையும் நிரலைத் தடுப்பதோடு, கைப்பேசியில் ஓடிபி பார்க்கத் தெரியாத மூதாட்டியையும் கொஞ்சம் தடுக்கிறது. திருட்டைத் தடுக்கும் விதி ஏழையின் வழியில் எவ்வளவு குறுக்கே நிற்கிறது என்று அளந்துபார்ப்பதும் பொறியியலின் கடமைதான்.

மாற்றம் எளியவருக்குப் பயன்பட்ட உதாரணங்களும் உண்டு. 2002இல் தொடங்கிய யூடிஎஸ் அமைப்பு, முன்பதிவில்லாத டிக்கெட்டைக் கணினிக்குக் கொண்டுவந்தது. பின்னர் அதுவே கைப்பேசிச் செயலியானது. 2025 ஜூலையில் வந்த ‘ரயில்ஒன்’ முன்பதிவையும் முன்பதிவில்லாததையும் ஒரே இடத்தில் சேர்த்தது. டிடிஆர் கையில் காகிதச் சார்ட்டுக்குப் பதிலாகக் கையடக்கக் கருவி வந்தபின், ஏறாத பயணியின் பெர்த் உடனே கணக்குக்குத் திரும்புகிறது; பெட்டியிலிருக்கும் ஆர்ஏசி பயணிக்கோ, அடுத்த நிலையத்தில் காத்திருப்பவருக்கோ அது வரிசைப்படி போகிறது. முன்பு அது டிடிஆரின் விருப்பமாக இருந்தது. இன்று பதிவாகும் உரிமை.

எனவே அடுத்த முறை ‘நிமிடத்துக்கு இத்தனை லட்சம்’ என்ற செய்தியைப் படிக்கும்போது கூடவே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கவுண்டரில் நிற்பவருக்கும் கைப்பேசி வைத்திருப்பவருக்கும் சம வாய்ப்பு இருக்கிறதா? குளித்தலை போன்ற சிறிய நிலையங்களின் பங்கு, இன்றைய பயணக் கணக்கைப் பார்த்து ஆண்டுதோறும் திருத்தப்படுகிறதா? பணம் பிடித்தும் டிக்கெட் வராத பயணிக்கு எத்தனை மணி நேரத்தில் பணம் திரும்புகிறது? இந்த மூன்றுக்கும் உரிய எண்களை ரயில்வே மாதந்தோறும் வெளியிட வேண்டும். நாம் அதைக் கேட்டு வாங்க வேண்டும். ரயில் நிலையமே இல்லாத முசிறியில் இருப்பவருக்கும் வரிசையில் அவருக்குரிய இடம் பிசகாமல் கிடைக்கும் நாளில்தான் அந்த மென்பொருளை நவீனமானது என்று சொல்ல முடியும்.